வெங்காயத் தோட்டத்துச் செம்போத்து

பிள்ளைகளுக்குப் பூவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதாது, வெளியே கூட்டிப் போய்ச் செடியிலேயே காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் தலைமையாசிரியர் ஞானராஜ் சார் அதை உரக்க வாசித்துவிட்டு ஒரு தும்மல் போட்டார். பூ என்ற எழுத்தைப் பார்த்தாலே தும்முகிற மூக்கு அவருக்கு. "செபாஸ்தியம்மாள் டீச்சரும் ஜக்கம்மாள் டீச்சரும் இதப் பாத்துக்கிருவாங்க" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். அத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது.

செபாஸ்தியம்மாள் நான். அதுவரை எனக்குப் பூ என்றால் ஒன்று மாதா கோயில் பீடத்தில் இருக்க வேண்டும், இல்லை தலையில் இருக்க வேண்டும். மரத்தில் இருக்கிற பூவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது வேலையற்றவர்கள் வேலை என்பது என் கட்சி. ஆனால் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன்னால் யாராவது வழியைப் பார்த்து வைத்தாக வேண்டும். எங்கே என்ன பூத்திருக்கிறது, எங்கே கிணறு திறந்து கிடக்கிறது, எந்தப் புற்றில் பாம்பு குடியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு வகுப்பு வாண்டுகளை ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அதனால் விடிந்தும் விடியாமலும் நானும் ஜக்கம்மாளும் கிளம்பினோம். ஆரம்பத்தில் ஊரார், "என்ன டீச்சர், எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். இரண்டு டீச்சருக்கும் லேசாகக் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாசி அது. அகரத்திலிருந்து எங்கே போவதென்றாலும் வாய்க்கால் கரைதான் வழி. கரை போய் முடிகிற இடத்தில் பஸ் ரோடு, ரோட்டைத் தாண்டினால் குடகனாறு. ஆற்றைப் பார்த்து நடந்தால் இடது பக்கம் நெடுகத் தாழம்புதர். வலது பக்கம் மலைச்சாமியின் வெங்காயத் தோட்டம், அதன் ஓரத்தில் ஆமணக்கு. தோட்டத்து மூலையில் ஒரு முருக்கமரம், பேருக்குக்கூட ஒரு இலை இல்லாமல், உடம்பெல்லாம் சிவப்பாகப் பூத்து நின்றது. மைனா, கிளி, காக்காய் எல்லாம் அதில் ஏறிக்கொண்டு தேனுக்கு அடித்துக்கொண்டன. சந்தைக்கடை தோற்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு தேன்சிட்டு மட்டும் யாரையும் மதிக்காமல் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போகும். எங்கள் பங்குச் சாமியாரின் தங்கை ஞாபகம்தான் எனக்கு வரும்.

அப்புறம் எனக்கே ருசி கண்டுவிட்டது. மஞ்சணத்தி பூத்தால் மரம் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். வேம்பு இன்னும் பூக்கவில்லை, மொட்டுக் கட்டி வைத்துக்கொண்டு பங்குனிக்குக் காத்திருந்தது. ஆவாரம்பூவைப் பார்த்தால் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு யாரோ கும்பலாக நிற்கிற மாதிரி இருக்கும். தந்திக் கம்பியில் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கிற பனங்காடை திடீரென்று மேலே ஏறி, குட்டிக்கரணம் போட்டு, அதுவரை மடித்து வைத்திருந்த நீலத்தையெல்லாம் விரித்துக் காட்டும்.

"பொட்டைக்குக் காட்டுறான்" என்பாள் ஜக்கம்மாள்.

"அவ பாக்கவே இல்லையேடி" என்பேன் நான்.

"பாக்காத மாதிரி இருக்கா. நீ அவ கழுத்தப் பாரு."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் தங்கமுத்து சைக்கிளை விட்டு இறங்கினார். திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். வீடு ஆற்றுக்கு அக்கரையில். எங்கள் ஊரில் ஒரு சீக்கு மாட்டைப் பார்த்துவிட்டுக் கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கம்பியைப் பார்ப்பதைக் கண்டு, கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்துவிட்டாராம்.

"பனங்காடை" என்று ஜக்கம்மாள் காட்டினாள்.

அவர் பார்த்தார். முருக்கமரத்தைப் பார்த்தார். "செவப்பா இருக்கே, அதா?"

"அது பூவு."

இந்த மனிதர் மாட்டுக்கு மருந்து கொடுக்கிறாரே, மாட்டையாவது அடையாளம் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அகரத்து மாடுகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போனது போலும். அவருடைய சைக்கிளுக்கும் ஒரு வியாதி பிடித்தது. எங்களைக் கண்ட இடத்தில் செயின் கழன்றுவிடும். அதை மாட்டிக்கொண்டே, "அது என்ன குருவி?" என்று கேட்பார். கொக்கு, மீன்கொத்தி, செம்போத்து எல்லாமே அவருக்குக் குருவிதான். கொண்டையைப் பார்த்துவிட்டுக் கொண்டலாத்தியைச் சேவல் குஞ்சு என்றார். ஜக்கம்மாள் சிரித்த சிரிப்பில் ஆற்று மணலில் இருந்த ஆள்காட்டிப் பறவை பயந்து கத்தியது. அவர் காது வரை சிவந்துபோய், "இனிமே கவனமாப் பாக்குறேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா?

நான் கண்டும் காணாமல் இருந்தேன். மஞ்சணத்திப் பூவை எண்ணிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்தேன். என்னைப் போல நல்ல சிநேகிதி அவளுக்குக் கிடைக்கமாட்டாள், இதை அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாசி பாதியில் தங்கமுத்துவின் வீட்டிலிருந்து முறையாகவே ஆள் வந்து பெண் கேட்டார்கள். ஒரே சாதிசனம், ஒத்த வயது, எல்லாம் பொருத்தம். ஜக்கம்மாளின் அப்பா பெருமாள்சாமி, "வீடு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான், ஜக்கம்மாள் முகம் செத்துவிட்டது. வீடு பார்க்கப் போவது என்றால் கரை வழியாகப் போக வேண்டும். கரையில் செம்போத்து இருக்கிறது.

பெருமாள்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோளமும் கம்பும் போடுகிற சம்சாரி. மனைவி போய் வெகுநாளாகிறது, ஜக்கம்மாள் ஒரே பிள்ளை. அப்பனும் மகளும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நான் வாசலில் தலை காட்டினால் தமிழுக்கு மாறுவார்கள். நான் இருக்கும்போதே மறுபடி தெலுங்குக்குப் போனால் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். குழம்பில் புளி கூடிப்போனதற்குச் சண்டை, கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை. இரண்டு பேரும் அதில் நல்ல குஷியாகத்தான் இருந்தார்கள்.

அவருக்குச் சகுனம் பார்க்காமல் கால் நகராது. எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் கரையில் செம்போத்து குறுக்கே போக வேண்டும். இடமிருந்து வலம் போனால் மேலே நடக்கலாம். வலமிருந்து இடம் வந்தால் நின்ற இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். பறவை மறுத்த சம்பந்தத்தை மறுபடி வாயெடுத்துப் பேசக் கூடாது. அவர்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம். அந்தச் செம்போத்து இதுவரை மூன்று மாப்பிள்ளைகளைத் தள்ளிவிட்டிருந்தது. நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த வீடு ஒன்று, ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு ஒன்று, திண்டுக்கல் டவுனில் புகையிலை மண்டி ஒன்று. அந்த மூன்றுக்கும் ஜக்கம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இந்த நாலாவதுக்குத்தான் விட்டாள்.

"அப்பாகிட்டச் சொல்லிப் பாரேன்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? தெனமும் கரையில நின்னு பேசுனோம்னா? நாளையிலருந்து வேலையும் இருக்காது, நடையும் இருக்காது."

நான் வேதக்காரி. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் பல்லி கத்தினால் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுப்பார், அது வேறு விஷயம். ஆகவே நான் அந்தப் பறவையைப் பற்றிப் பயப்படாமல் யோசித்தேன். இயற்கைப் பாடம் கைகொடுத்தது அங்கேதான். வாரக்கணக்காகக் காலை தவறாமல் அதைப் பார்த்திருக்கிறேனே! செம்போத்துக்குக் கூடு தாழம்புதரில். சாப்பாடு வெங்காயத் தோட்டத்தில். பொழுது கிளம்பும்போது புதரிலிருந்து இறங்கி, பெரிய மனுஷன் மாதிரி கரையைக் குறுக்கே நடந்து தோட்டத்துக்குப் போகும். நத்தை, புழு, ஓணான் என்று வயிறு நிறையத் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் அதே வழியில் புதருக்குத் திரும்பும்.

"உங்கப்பா அந்த மூணு தடவையும் எப்பக் கிளம்புனாரு?" என்று கேட்டேன்.

ஜக்கம்மாள் யோசித்தாள். "சாவகாசமாத்தான். குளிச்சு, சாப்ட்டு, வெத்தல போட்டு."

"அடி கிறுக்கி! அது வீட்டுக்குத் திரும்புற நேரம்டி. பறவை எங்க மாப்பிள்ளைய மறுத்துச்சு? அது பசியாறிட்டுப் படுக்கப் போகுது!"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நடுக்கரையில் என்னைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். முருக்கமரத்துக் காக்காயெல்லாம் எங்களைத் திட்டின.

திட்டம் சுலபமானது. மாசிக் கடைசிப் புதன்கிழமை வீடு பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அன்று பெருமாள்சாமியைப் பொழுது கிளம்புமுன் வீட்டிலிருந்து கிளப்பிவிட வேண்டும். மிச்சத்தைப் பறவை பார்த்துக்கொள்ளும். கிளப்புவது ஜக்கம்மாள் பொறுப்பு. கரையில் காவல் இருப்பது என் பொறுப்பு.

அன்று கரிச்சான் கத்துவதற்கு முன்பே நான் கரையில் இருந்தேன். கிழக்கு வெளுத்தது. புதரில் 'ஊப், ஊப்' என்று குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் செம்போத்து இறங்கி வந்தது. செங்கல் நிற இறக்கையும் சிவந்த கண்ணுமாக, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடமிருந்து வலம், கோடு போட்ட மாதிரி நடந்து போனது. இதைவிட நல்ல சகுனம் அந்த ஜில்லாவிலேயே யாருக்கும் கிடைத்திருக்காது. பார்க்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.

செத்த நேரத்தில் ஜக்கம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "வெந்நி வச்சாச்சு, வேட்டி எடுத்து வச்சாச்சு, எதுக்கும் அசையலடி. மாட்டக் குளிப்பாட்டுனாரு. அப்புறம் கலப்பைக்கு ஆப்பு செதுக்குனாரு. இன்னைக்கு யாராச்சும் உழப் போறாங்களா? இப்பத்தான் எண்ண தேச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்காரு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகள் கல்யாணத்துக்கு வீடு பார்க்கப் போகிற மனிதர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயில் காய்வதா? ஆனால் கோபப்பட நேரமில்லை. அவர் வருவதற்குள் செம்போத்தைத் தோட்டத்திலிருந்து கிளப்பிப் புதருக்கு ஓட்ட வேண்டும். அவர் வந்ததும் புதரிலிருந்து மறுபடி தோட்டத்துக்கு ஓட்ட வேண்டும். ஜக்கம்மாள் பறவைக்கு ஆசை காட்ட வாய்க்கால் ஓரத்தில் நத்தை பொறுக்கித் தன் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு தாழம்புதருக்குள் நுழைந்தாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கினேன்.

செம்போத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது பறந்து தொலைக்காது. நான் வடக்கே போனால் அது ஆமணக்குக்குள் புகுந்து தெற்கே நடக்கும். நான் தெற்கே வந்தால் அது வடக்கே நடக்கும். கை தட்டினேன், மண்ணாங்கட்டி எறிந்தேன், "ஹை ஹை" என்று மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். நடுவில் ஒரு முறை நின்று கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஞானராஜ் சார் என் பாடக்குறிப்பைப் பார்ப்பது இதே மாதிரிதான்.

"டீச்சர்! டீச்சர்! வெங்காயத்த மிதிக்காதீங்க!" என்று மலைச்சாமி கிணற்றடியில் கமலை மாட்டை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அலறினார்.

"இயற்கைப் பாடம்ணே!" என்று நானும் அலறினேன்.

"பாடத்துக்கு எதுக்குத் தாயி பாத்தியெல்லாம் ஒடைக்கணும்?"

கரையில் வெள்ளை வேட்டி தெரிந்தது. பெருமாள்சாமி வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் பழத்தட்டு மூட்டை. மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தார். நான் ஆமணக்குச் செடிகளுக்குள் உட்கார்ந்துகொண்டேன். செம்போத்து என் பக்கத்துப் பாத்தியிலேயே நின்று ஒரு நத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிற்று. இனி அது கிளம்பினால் வலமிருந்து இடம்தான் போகும்.

அவர் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றார். மூட்டையைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தாழம்புதரைப் பார்த்து, "ஏத்தா, வெளிய வா. தாழ முள்ளு பொல்லாதது" என்றார்.

புதர் அசையவில்லை.

"டீச்சரம்மா, நீங்களும் ஆமணக்க விட்டு வாங்க. மலைச்சாமி வெங்காயம் பூராம் உங்க காலடியிலதான் இருக்கு."

நான் சேலையை உதறிக்கொண்டு கரை ஏறினேன். கௌரவமாகத்தான் ஏறினேன். எதிர்ப்பக்கம் ஜக்கம்மாள் தலையெல்லாம் சருகும் கையில் தூக்குச்சட்டியுமாக வெளியே வந்தாள். முழங்கையில் ரத்தம் கோடிட்டிருந்தது. அவர் சட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். நத்தைகள் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தன.

"பள்ளிக்கூடத்துல இப்ப இதான் வெஞ்சனமா?" என்று கேட்டுச் சட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜக்கம்மாளுக்கு வரவில்லை.

"எதுக்கு இம்புட்டு ஓட்டம்?" என்றார் அவர். "வெயிலு அந்த வரப்பத் தொட்டதும் அதுவே தானா வரப்போகுது."

நானும் ஜக்கம்மாளும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாரக்கணக்கில் உளவு பார்த்து நான் கண்டுபிடித்த ரகசியம் அவர் வாயிலிருந்து சாதாரணமாக வந்தது.

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஜக்கம்மாள். "காலையில அந்தப் பக்கம் போகும், வெயில் ஏறுனா இந்தப் பக்கம் வரும்னு தெரியுமா?"

"இந்தக் கரையில நடக்குற யாருக்குத்தான் தெரியாது?"

"அப்ப அந்த மூணு தடவையும் வேணும்னேதான் பொறுத்துக் கிளம்புனீங்களா?"

பெருமாள்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். பதில் சொல்லித்தான் தீர வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

"நிலக்கோட்டப் பய சீட்டாடுறான். ஆயக்குடிக்காரி மூத்த மருமகள அடிச்சு வெரட்டுனவ. புகையில மண்டிக்காரன் ஒன்னய வேலைய விட்டு நிக்கச் சொன்னான். இதயெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொன்னா தலமொறைக்கும் பக. பறவ சொல்லிருச்சுன்னா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. ஆயக்குடிக்காரவுக இன்னமும் வருசா வருசம் கொய்யாப்பழம் குடுத்து விடுறாக, நீயும் திங்கத்தான செய்யுற?"

நான் மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். இத்தனை நாள் சகுனப் பைத்தியம் என்று நான் கேலி செய்த மனிதர், ஒரு பறவையைச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாக வைத்திருந்திருக்கிறார். ஆனால் ஜக்கம்மாளுக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அவளுக்கு வேறொன்று உறைத்திருந்தது. இன்றைக்கும் அவர் பொறுத்துத்தான் கிளம்பியிருக்கிறார்.

"தங்கமுத்துகிட்ட என்ன கொறையக் கண்டீங்க?" என்றாள். குரல் உடைந்தது.

பேர் வாயை விட்டு வந்துவிட்டது. பார்த்திராத மாப்பிள்ளையின் பேரை எந்தப் பெண் அப்பனிடம் இப்படிச் சொல்வாள்? நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"குருவிக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதாம்ல?" என்றார் பெருமாள்சாமி அமைதியாக.

மலைச்சாமி அவசர அவசரமாகக் கமலை மாட்டை அதட்டினார். தினமும் தோட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது யார், போய்ச் சொன்னது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் மிதித்திருக்கலாம்.

ஜக்கம்மாள் தெலுங்கில் படபடவென்று ஆரம்பித்தாள்.

"தமிழ்லயே பேசு" என்றார் அவர். "டீச்சரம்மா சாட்சிக்கு இருக்காக."

"சரி, தமிழ்லயே கேக்குறேன். குருவி தெரியலங்கிறதத் தவிர வேற என்ன கொற?"

"ஒண்ணுமில்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேலைய விடச் சொன்னாகளா?"

"இல்ல. நாலு பக்கமும் ஆள் விட்டு விசாரிச்சுட்டேன். திட்டுறதுக்கு ஒரு ஆள்கூட அகப்படல. மாட்டத் தொட்டாக்கூட மெதுவாத்தான் தொடுறானாம்."

"பெறகு ஏன் எண்ண தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு திடீரென்று சிறுத்துவிட்டது. "நீயும் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட சண்ட போடுறது?" என்றார். "செவுத்தோடயா?"

மாப்பிள்ளையில் குற்றம் இருந்தால் எதிர்த்து வாதாடலாம். இதற்கு என்ன வாதாடுவது?

"அக்கரைதானப்பா" என்றாள் கடைசியில். "பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கரையிலதான் தெனமும் வருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொழம்பு நல்லா இல்லைன்னு சொல்லிட்டுப் போறேன்."

"வந்துட்டுப் போறவ வேற, இருக்கிறவ வேற."

"வேறதான்" என்றாள் அவள். "அதுக்காக இருந்துரட்டுமா? சொல்லுங்க, இருந்துருறேன். மனசறிஞ்சு சொல்லுங்க. அந்தப் பறவை மேல மட்டும் பழியப் போடாதீங்க."

அந்த நேரம் பார்த்து வெயில் வரப்பைத் தொட்டிருக்க வேண்டும். ஆமணக்குக்குள்ளிருந்து செம்போத்து வெளியே வந்தது. அலகில் ஒரு ஓணான் தொங்கியது. எங்களுக்கு முன்னால், ஆற்றுப் பக்கம், வலது ஓரத்தில் கரை ஏறி நின்றது. மலைச்சாமி கமலையை நிறுத்திவிட்டார். பங்காளி வகையில் அவரும் ஒருவர், சட்டம் அவருக்கும் தெரியும். பறவை இடது பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால், சாட்சியோடு காரியம் முடிந்தது. பெருமாள்சாமி இனி ஆசைப்பட்டாலும் முடியாது.

"ச்சூ" என்றேன் நான். அது என்னை மதிக்கவில்லை. ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு வைத்தது. நடுக்கரைக்கு வந்து ஓணானைச் சரியாகக் கவ்விக்கொள்ள நின்றது. ஜக்கம்மாள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்தது. அவள் பறவையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருமாள்சாமி பறவையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பழமூட்டையைக் குனிந்து எடுத்தார். சரி, வீட்டுக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே சரியாக அரைச் சுற்றுத் திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"மலைச்சாமி!" என்று கூப்பிட்டார். "இப்ப எனக்கு எடப்பக்கம் என்ன இருக்கு?"

மலைச்சாமி தலையைச் சொறிந்தார். "எந்தோட்டந்தான் இருக்கு."

"வலப்பக்கம்?"

"தாழ."

அவருக்குப் பின்னால் செம்போத்து மிச்சக் கரையையும் கடந்து தாழம்புதருக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் கழுத்தை மட்டும் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப பறவ எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு?"

"எடமிருந்து..." என்று ஆரம்பித்த மலைச்சாமி, பாதியில் வாயைப் பிளந்தார். "வலமப்பு! எடமிருந்து வலம்!"

"சாட்சி சொல்லுவயா?"

"சொல்லுவேன். ஆனா நீ இப்ப வீட்டப் பாத்துல்ல நிக்கிற? ஆத்துப் பக்கம் திரும்புனா சகுனமும் திரும்பிருமே!"

"நான் எங்க திரும்பப் போறேன்?" என்றார் பெருமாள்சாமி. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு அடுத்த காலை. பழமூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே மாப்பிள்ளை வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

ஜக்கம்மாள் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் கரையில் உட்கார்ந்தேவிட்டேன். மலைச்சாமி தோட்டத்து ஓரமாகக் கூடவே ஓடி, "எடப்பக்கம் ஒதுங்கு! உன் எடப்பக்கம் இல்ல, என் எடப்பக்கம்!" என்று வழி சொன்னார்.

"அப்பா, பின்னால கல்லு!" என்று ஜக்கம்மாள் கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர் கல்லைக் காலால் தடவித் தாண்டினார். ஒரு முறைகூட முகத்தைத் திருப்பவில்லை. கரை வளைகிற இடம் வரைக்கும் மகளைப் பார்த்துக்கொண்டே போனார்.